வலையில் ஏறிய அவரை

ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்பதற்கு முன்பே செங்கம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிவிடுகிறாள். விடியற்காலையில் பொன்னேரிக்கு இறாலும் மடவையும் சுமந்துபோன அதே கூடைதான். பழவேற்காட்டுக்குத் திரும்பும்போது அதில் இருப்பது மண். கூடை வாய் வரைக்கும் கறுப்பு மண், ஈரத்தோடு.

கண்டக்டர் மணவாளனுக்கு இது நித்தியத் தலைவலி. காலையில் மீன் நாற்றம் என்று முணுமுணுக்கிறவர்களைச் சமாதானப்படுத்தி முடித்தால், திரும்பும்போது வேட்டியில் சேறு சொட்டுகிறது என்று வேறு ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். இந்த அம்மாள் ஒருநாள் ஏரியையே பெயர்த்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவர் சத்தம் போடுவார். செங்கம்மாள் கூடையைக் காலடிக்கு இழுத்துக்கொள்வாள். சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்து நீட்டுவாள். அன்றைய வழக்கு அத்தோடு தள்ளுபடி.

பழவேற்காடு தபாலாபீசில் எனக்கு வேலை. தினமும் அதே பஸ். யார் வீட்டுக் கடிதத்தையும் பிரித்துப் படிக்கிறவன் இல்லை நான். ஆனால் இந்த மண் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "வந்துதான் பாரேன், சாரு" என்றாள். போனேன்.

உப்பங்கழியை ஒட்டின குப்பம். காலை வைத்தால் கணுக்கால் வரை மணல். கிணற்றுத் தண்ணீரில் வாய் வைக்க முடியாது. மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பித்தான் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பாதி செங்கம்மாளின் கொடிக்குப் போகிறது. வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் வெட்டி, கூடை கூடையாய் மண் கொட்டி ரொப்பியிருக்கிறாள். அதில் நாலு அவரைக் கொடி. பந்தலுக்குக் கழி நட்டு, மேலே கிழிந்த மீன் வலையை விரித்திருந்தாள். கடல் காற்று இலையைக் கருக்காமலிருக்க ஒரு பக்கம் பனையோலைத் தட்டி.

இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் கருவாட்டுத் தொட்டியில் மிஞ்சின தண்ணீரை ஊற்றினாளாம். மீனைத் தின்றுதானே நாமெல்லாம் வளர்ந்தோம், இதுவும் வளரட்டுமே என்று நினைப்பு. மூன்றாம் நாள் அத்தனை முளையும் கருகிப் படுத்துவிட்டது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. மறுவருஷம் மீன் குடலைப் புதைத்தாள். குப்பத்து நாய்களும் பூனைகளும் ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டி, கொடியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டன.

ஊர் சும்மா இருக்குமா? அவளுக்கு 'மண்ணுக்காரி' என்று பெயர் வைத்தாயிற்று. வலையை என்றைக்கு விரித்தாளோ, அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரெல்லாம் இன்றைக்கு வலையில் என்ன பட்டது என்று கேட்கிறார்களாம். பூ பட்டிருக்கிறது என்பாளாம் இவள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. மகன் பேச்சு வந்ததும் அது நின்றுபோனது.

ஒரே மகன் ராஜவேலு. படகு வேண்டாம் என்று கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன், அங்கே கூட வேலை செய்த ஞானம்மாவைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். அப்பா அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். ஒரு சாயங்காலம் அவளை வீட்டுக்கு அழைத்துவந்து நிறுத்தினான். வந்த பெண்ணுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்மாம் எடம் கீதே அத்தே, ஒரு அவரைக் கொடி போடக் கூடாதா?" என்றாளாம்.

அந்த வார்த்தை செங்கம்மாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "மண்ணு நோண்டுறவளுக்கு என் ஊட்ல இன்னா வேலைன்னு கேட்டுட்டேன், சாரு. தண்ணி கூடக் குடிக்கல. திரும்பிப் பூட்டாங்கோ."

பொன்னேரியிலிருந்து வரும் வழியெல்லாம் வயல் இருக்க, அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும் அவள் ஏன் மண் எடுக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஏரிக்கரைதான் ஞானம்மாவின் ஊர்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை வீட்டுக்குக் கும்மிடிப்பூண்டி போகிறவன் நான். சேதி ஏதாவது சொல்லவா என்று கேட்டேன். இந்த வாரமே வரச் சொல் என்பாள் என்று நினைத்தேன். அவள் பந்தல் பக்கம் கையைக் காட்டினாள்.

"வான்னு சொல்லாத சாரு. கூப்ட எனக்கு இன்னா மொகம் கீது? பூ அத்தனையும் கொட்டிப் பூடுது, ஒரு பிஞ்சு நிக்கல. இன்னா பண்றதுன்னு அவளக் கேட்டுக்கினு வா. கேக்கறது நான்னு சொல்லு. மண்ணு எந்த ஊர்துன்னும் சொல்லு."

போனேன். ரயில் பாதைக்குப் பின்னால் வரிசை வீடு. ராஜவேலு ஷிப்டுக்குப் போயிருந்தான். ஞானம்மா வாசலோரம் ஒரு சாண் அகலத்தில் கீரைப் பாத்தி போட்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். எத்தனை தடவை தண்ணீர் விடுகிறார்கள், காற்று எந்தப் பக்கம் என்று வைத்தியர் மாதிரி விசாரித்தாள். மண் எங்கே எடுத்தது என்று நான் சொன்னதும், அடுப்பைப் பார்க்கப்போவதுபோல் உள்ளே போய்விட்டாள். திரும்பி வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தாள்.

"இங்கேர்ந்துக்கினு இன்னா சொல்றது? கொட்டின பூவ கைல எட்த்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்னு அத்தைகிட்ட சொல்லுங்க சார்" என்றாள்.

திங்களன்று பஸ்ஸில் சொன்னால் ஊரே கேட்கும் என்று செங்கம்மாள் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன். அவள் கூடையை இறக்கி வைத்த பிறகு சொன்னேன். அத்தை என்றா சொன்னாள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

பந்தலுக்கடியில் மணலெல்லாம் ஊதாவாக இருந்தது. செங்கம்மாள் அங்கே போய்க் குந்தினாள். உதிர்ந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒட்டின மணலை வாயால் ஊதிவிட்டு, முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.