நாலரை அங்குலப் பாவாடை

அந்த முதல் பாவாடையைத் தைத்திருக்க வேண்டியவன் நான்தான். முடியாது என்று சொன்னவனும் நான்தான். அதனால் இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்குக்கு உரிய மார்க்கெட்டில் எனக்குத் தையல் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. வருவது பெரும்பாலும் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள். நான் கூச்ச சுபாவம். டேப்பை எடுத்து ஆள் மேல் வைத்து அளக்க இன்றுவரை எனக்குக் கை வராது. "அளவு ரவிக்கை ஒண்ணு கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். இருபத்தைந்து வருடம் இப்படியே ஓடிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுக்காரருக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அமெரிக்காவில் இருக்கும் மகள் பூஜை அறையில் ஒரு வெள்ளி அம்மன் வைத்திருக்கிறாளாம், அதற்குப் பாவாடை வேண்டும் என்றார். உயரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காட்டினார். நாலரை அங்குலம்.

"இத்தனூண்டுதானுங்க டைலர், தெச்சுக் குடுத்துருங்க" என்றார்.

"சாமிக்கெல்லாம் நான் தைக்கறதில்லீங்க" என்றேன். பக்தி ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன வேலைக்காக நூல் மாற்றச் சோம்பல், அவ்வளவுதான்.

சாப்பாடு கொண்டு வந்திருந்த என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "குடுங்கம்மா, நான் கையாலயே தச்சுத் தரேன்" என்றாள்.

என் மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையிலிருந்து அரக்குப் பட்டில் ஒரு துண்டைப் பொறுக்கினாள். மடிப்பு மடிப்பாகப் பிடித்து, கீழே ஜரிகை வைத்து, இடுப்பில் நாடா கோத்து, நாலு நாளில் கொடுத்தாள். மடிப்பு ஒவ்வொன்றும் நெல்மணி அகலம். எனக்கு அது வராது. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, எனக்கு அது வராது என்று.

பாவாடை அமெரிக்கா போனது. கட்டிய அம்மனைப் படம் எடுத்து அந்த மகள் தன் தோழிகளுக்கு அனுப்ப, அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு அங்குல முருகன், மூன்று அங்குலக் கிருஷ்ணன், தவழும் கிருஷ்ணனுக்குத் தனி அளவு. என் வெட்டுத்துணி மூட்டை வற்றிக்கொண்டே வந்தது.

இதில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. மனைவி அஞ்சாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரையத்தான் தெரியும். நான் பத்தாவது வரை போனவன், கையெழுத்து நன்றாக இருக்கும். தபால் ஆபீஸில் வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு படிவம் உண்டு. அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், உள்ளே என்ன, எடை என்ன, மதிப்பு என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் எழுதுவேன். பார்சலை ஒட்டும் முன் மனைவி கற்பூரம் காட்டுவாள். கிளம்பும்போது எனக்கு நெற்றியில் துன்னூறு இட்டு அனுப்புவாள்.

முதல் தடவை, உள்ளே என்ன என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கவுண்டர் மேடத்தைக் கேட்டேன்.

"என்ன இருக்கு டைலர்?"

"சாமி டிரஸ், மேடம்."

அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "சாமின்னு எதுவும் காட்ட மாட்டேங்குது. பொம்மை டிரஸ்னு இருக்கு. அதையே எழுதிடுங்க, தடங்கல் இல்லாம போயிடும்" என்றார்.

எழுதினேன். மனைவியிடம் சொல்லவில்லை. அனுப்புகிறவர் இடத்தில் அவள் பெயரை எழுதி, அதன் கீழே, யாரும் கேட்காமலே, வைஃப் ஆஃப் என்று போட்டு என் பெயரையும் எழுதினேன்.

மேடம் சிரித்தார். "இது என்ன ரேஷன் கார்டா டைலர்?"

"இருக்கட்டும் மேடம்" என்றேன். அன்றிலிருந்து எல்லாப் பார்சலிலும் அந்த வரி போனது.

அந்த வரிசையில் நின்று நின்று எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டுப் பார்சல் என்றால் தீபாவளிக்கு முறுக்கு, வெயில் காலத்தில் வத்தல், பேரன் பேத்திக்குப் பருப்புப்பொடி. பாசத்துக்கு அனுப்புவது. விற்பதற்கு அனுப்புகிறவர்கள் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். இப்போது எனக்கு முன்னால் காகிதத் தோடு செய்கிற பெண் நிற்பாள், பின்னால் பண்ருட்டியிலிருந்து வந்தவர் அரைக் கிலோ முந்திரிப் பொட்டலங்களோடு நிற்பார். "எங்கப்பா டின்னு டின்னா அனுப்புனாரு, நான் பொட்டலம் பொட்டலமா அனுப்பிகினு இருக்கேன்" என்பார். எல்லாம் மஞ்சப்பையில் அடங்குகிற ஏற்றுமதி. மேடம் சொல்வார், "மைன்ஸ்ல இருந்து கரி வெளிநாடு போகல, உங்க வீட்டு வெட்டுத்துணி போகுது பாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

எதற்கு எரிந்தது என்று நேராகவே எழுதிவிடுகிறேன். அவளுக்குப் போனில் குரல் செய்தி வரும். "அக்கா, எங்க அம்மனுக்கு அளந்து தச்ச மாதிரி இருக்குக்கா, அப்படியே கண்ணுல ஒத்திக்கிட்டேன்." எந்த ஊரிலோ இருக்கிற சிலைக்கு அங்குலக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவள் தைக்கிறாள். எதிரில் நிற்கிற ஆளுக்குத் தைக்க எனக்கு அளவு ரவிக்கை வேண்டும். அப்படியும், "தோள்பட்டை இறங்குது டைலர்" என்பதைத் தவிர எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜரிகை வாங்க அவள் என்னைப் பண்ருட்டிக்கு அனுப்புவாள். மொத்தக் கடைக்காரர், "அக்காவுக்கா?" என்று கேட்டு உள்ளேயிருந்து நல்ல சுருளை எடுத்து வருவார். எனக்கு லைனிங் துணி வேண்டும் என்றால், "சித்த நில்லுய்யா" என்பார். டீக்கடையில் மச்சான் முறைக்காரன் ஒருவன், "சாமிக்கே துணி குடுக்கற வூடு, உனக்கு என்னாடா மச்சான் கொற? நீ டீயாச்சும் வாங்கிக் குடு" என்பான். சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுப்பேன்.

இப்படி இருக்கும்போது, நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், மேடம் என் பார்சல்களைத் திருப்பித் தள்ளினார்.

"அமெரிக்காவுக்கு இப்ப எடுக்கறதில்ல டைலர். முன்ன சின்னப் பார்சலுக்கு அங்க வரி இல்ல. இனிமே எல்லாத்துக்கும் உண்டாம். அதை யார் கட்டறது, எப்படிக் கட்டறதுன்னு முடிவாகற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க."

வண்டியில் பார்சல்களை மாட்டிக்கொண்டு திரும்பினேன். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் வரும்போதுதான் கவனித்தேன், நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி பார்சல்களை அரிசி டிரம் பக்கத்தில் அடுக்கினாள். அதில் ஒன்று அந்த முதல் அம்மனுக்கானது. அந்த மகள் அங்கே புது வீடு வாங்கியிருந்தாள். கார்த்திகையில் கிரகப்பிரவேசம். அம்மனைச் சிவப்புப் பாவாடை கட்டித்தான் உள்ளே எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மற்றதெல்லாம் தாமதமாகலாம், அது மட்டும் போய்விட வேண்டும் என்று மனைவி தினமும் சொன்னாள்.

கைவேலை இல்லாததால் அவள் மறுபடி என் ரவிக்கைகளுக்கு ஹூக் வைத்தாள், ஓரம் மடித்தாள். இரண்டு பேரும் ஒரே துணியில் வேலை செய்தோம். எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மேடம் போன் செய்தார். "திறந்துட்டாங்க டைலர். அந்த வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டிடணும், அவ்வளவுதான். அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

தீபாவளி வேலை தலைக்கு மேல் இருந்தது. முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். தீபாவளி முடிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"மேடம் எதனா சொன்னாங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"ஒண்ணும் சொல்லல."

முதல் தடவை மிஷினைப் பார்த்தபடி சொன்னேன். அப்புறம் பழகிவிட்டது. கார்த்திகை பிறந்தது. அந்த மகளின் கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது. "பழைய பாவாடையக் கட்டியே எடுத்துகினு போனாங்களாம். பரவால்லக்கான்னு சொல்லுச்சு" என்றாள் மனைவி. அதைச் சொல்லிவிட்டு அவள் சிவப்புப் பாவாடைப் பார்சலை டிரம் பக்கத்திலிருந்து எடுத்து, பீரோ மேல் வைத்தாள்.

அதற்கு மறுநாள் மதியம். மனைவி சாப்பாட்டுக் கூடையோடு கடைக்கு வந்திருந்தாள். கவுண்டர் மேடமும் வந்தார். தன் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க.

"என்ன அக்கா, ஆளையே காணோம்? தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டேனே, பார்சல் எடுக்கறோம்னு. டைலர் சொல்லலியா?"

நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசிக் கண் தெரியவில்லை.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பெஞ்சில் வைத்தாள். "அவருக்குத் தீபாவளி வேல மேடம், மறந்துட்டாரு. நாளைக்கு நானே வரேன். அந்தப் படிவத்துல என்னா எழுதணும், சொல்லுங்க."

"எப்பவும் எழுதறதுதான் அக்கா. உங்க பேரு, அட்ரஸ், உள்ள என்ன இருக்கோ அது. பொம்மை டிரஸ்."

"பொம்மையா?"

"டைலர் அப்படித்தானே எழுதுவாரு, முதல்ல இருந்தே" என்றார் மேடம். சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ புரிந்தது. ரவிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கடையைப் பூட்டி வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"சொல்லாம மறச்சது, சரி, உனுக்கு எரிச்சல், எனுக்குத் தெரியும். டீக்கடையில அவுங்க கிண்டல் பண்றதும் தெரியும். ஆனா சாமிய பொம்மன்னு எழுதத்தான், ஒவ்வொரு தபாவும் எங் கையால துன்னூறு வாங்கிப் பூசிகினு போனியா?"

எப்போதும் 'நீங்க' என்பவள், அன்று 'நீ' என்றாள்.

"கம்ப்யூட்டர்ல அதான் இருக்குன்னு அந்தம்மாதான் சொன்னாங்க" என்றேன்.

"அவுங்க சொன்னாங்க. நீ எங்கிட்ட சொன்னியா?"



மறுநாள் அவளே பஸ்ஸில் போனாள். என் பழைய படிவத்தின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து ரசீதையும் புதுப் படிவத்தின் நகலையும் கடை மேசையில் வைத்தாள். அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் என் எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தாள். பொம்மை என்ற இடத்தில் மட்டும் சிலை என்று இருந்தது. மேடத்தைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். கீழே, வைஃப் ஆஃப், என் பெயர். கோணல் கோணலாக, ஆனால் முழுதாக.

எனக்குக் கண் கலங்கியது. அன்று மாலை தயங்கித் தயங்கி, "அந்த வரிய எழுதியிருக்கியே" என்றேன்.

"எந்த வரி? படிவத்துல இருந்ததையெல்லாம் பாத்து எழுதினேன்" என்றாள்.

அடுத்த வாரம் வந்த நகலில் அந்த வரி இல்லை. அது தேவையில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார். அவள் கோபத்தில் விட்டிருந்தால் நான் சமாதானம் பேசிப் பார்த்திருப்பேன். தேவையில்லை என்பதால் விட்டிருக்கிறாள்.

இப்போது அவளே போகிறாள். என் பொறாமை இன்னும் போகவில்லை, பொய் சொல்வானேன். வெட்டுத்துணியை மட்டும் நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டி வைக்கிறேன். போகிற வழியில் கடை வாசலில் நின்று மூட்டையை வாங்கிக்கொள்வாள். கற்பூரம் காட்டிவிட்டு வந்ததால் நெற்றியில் துன்னூறு இருக்கும். தன் கையாலேயே இட்டுக்கொண்டது.