மூன்றாம் மதகின் ஜன்னல்

அந்தக் குடிநீர் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'ஜன்னல்'. அவள் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம். பெயர் வந்தது அவளுடைய கணினித் திரையால். வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற டெர்மினல் ஜன்னல்கள், பெரிதும் சிறிதுமாகத் திரை முழுக்கத் திறந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சோதனைக் கணினிக்குப் பச்சை, பதிவுகளுக்கு நீலம். நிஜமாகவே மதகுகளைத் திறந்து மூடும் கணினிக்கு மட்டும் அடர் சிவப்புப் பின்னணி.

"சிவப்பைப் பாத்தா கை கூசணும்" என்பாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஆனால் எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க அவளால் முடியாது. அந்தக் கை சும்மா இருக்காது. வீட்டில் டிவியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பாள். விருந்தாளியின் போனை வாங்கி, அவர் கேட்காமலே எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பாள். டெர்மினலில் ஒன்று என்ற எண்ணும் 'எல்' என்ற எழுத்தும் ஒரே மாதிரி தெரிகிறது என்று எழுத்துருவை மாற்ற ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள். மூன்றாம் மதகைத் திறக்கும் கட்டளை நீளமானது. போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். அதற்கு ஆமாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இரண்டே எழுத்தில் ஒரு சுருக்கம் செய்துவைத்திருந்தாள். அது கேள்வி எதுவும் கேட்காது. இரண்டு எழுத்து, ஒரு என்டர், மதகு திறக்கும். வசதிதான். அந்த வசதியைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அதே நிலையத்தில்தான் அவள் கணவனும் வேலை பார்த்தான். குழாய், வால்வு, மதகு எல்லாவற்றையும் பழுது பார்க்கும் ஃபிட்டர். அவனுக்கு 'வால்வு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வால்வும் ஜன்னலும் ஒரே வண்டியில் வேலைக்கு வந்து ஒரே வண்டியில் திரும்பிப் போவார்கள். கேலி செய்யாத ஆளில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. மதகுக்குக் கீழே இருக்கும் கால்வாயில் யார் இறங்கினாலும், இறங்கும் முன் அந்த மதகின் மோட்டார் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அப்புறம் மேலே இருந்து யார் என்ன கட்டளை கொடுத்தாலும் மதகு அசையாது. எல்லோரும் பூட்டினார்கள். வால்வு மட்டும் பூட்டமாட்டான். சுவிட்ச் இருந்த பேனல் வளாகத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடந்து போய் வர வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்றை அவனே சொல்வான்.

"பூட்டு எதுக்கு? மேல நீதான இருக்க."

இறங்கும் முன் வாக்கி டாக்கியில் "இறங்கறேன்" என்பான். அவள் "நான் இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் பூட்டு. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உள்ளுக்குள் பூரித்துப் போகும். காதலைக் காட்ட இவர்களுக்கு ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. தப்பு என்று இருவருக்கும் தெரியும். மேலதிகாரிக்கும் தெரியும். ஒன்றும் நடக்காதவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் கட்டுப்பாட்டு அறைக்குப் புதுக் கணினி வந்தது. பழையதில் இருந்த அமைப்புகளையெல்லாம் அவள் புதியதற்கு மாற்றினாள். டெர்மினல் நிரலும் புதிது. நிறங்கள் சரியாக வரவில்லை, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. சண்டை போட்டு எல்லாவற்றையும் வழிக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து நாற்காலியில், வரைபடப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒருவர் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டிருந்தார். வயது ஐம்பதை நெருங்கியவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வாழ்நாள் முழுக்கக் கணினியில் படம் வரைந்தவர். கரண்ட் போய்ப் போய் வேலையெல்லாம் அழிந்த அனுபவத்தில், நினைத்து நினைத்துச் சேமிக்கும் பழக்கம் அவருக்கு. கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அவர் விரல்கள் மூச்சு விடுவதுபோலத் தானாக அழுத்தும்.

டெர்மினலில் அந்த இரண்டு விசைகளுக்கு வேறு வேலை. பழைய காலத்துச் சமாச்சாரம், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் ஜன்னல் அப்படியே நின்றுவிடும். கன்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால்தான் மறுபடி ஓடும். நடுவில் எதைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. தெரியாதே தவிர, தட்டியது தொலைந்து போகாது. வாசலில் வரிசையாக நிற்கும். ஜன்னல் ஓடத் தொடங்கிய உடனே ஒவ்வொன்றாக உள்ளே போய் வேலையைச் செய்துவிடும்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான், அந்த விசைகள் ஜன்னலை நிறுத்தாதபடி செய்யும் ஒரு வரியை அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தாள். பழைய கணினியில் அந்த வரி ஒழுங்காக வேலை செய்தது. புதியதிலும் எழுதிவிட்டாள். எழுதியாயிற்று என்று அந்தக் கவலையை மனதிலிருந்தும் அழித்துவிட்டாள்.

அன்று காலை மூன்றாம் மதகின் கால்வாயில் வண்டல் அள்ள வேண்டியிருந்தது. இறங்குமுன் மதகு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று ஒரு சோதனை. அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவிவிட்டு வந்தாள். அவள் இல்லாதபோது வரைபடக்காரர் சிவப்பு ஜன்னலைச் சொடுக்கி, அதிலிருந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். குறித்து முடித்ததும் அவர் விரல்கள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டன.

அவள் உட்கார்ந்தாள். இரண்டு எழுத்தைத் தட்டினாள், என்டர். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். எரிச்சலோடு இன்னொரு தடவையும் தட்டினாள்.

"சார், இதுல ஏதாவது தொட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். பாத்து எழுதிக்கிட்டுதான் இருந்தேன். ஒண்ணும் பண்ணல."

அவர் பொய் சொல்லவில்லை. என்ன அழுத்தினோம் என்று அவருக்கே தெரியாது.

அவள் இன்னொரு சிவப்பு ஜன்னலைத் திறந்தாள். அதில் மதகைத் திறந்தாள், மூடினாள். 'மூன்றாம் மதகு: மூடியுள்ளது' என்று வந்தது. நின்றுபோன ஜன்னலைத் திரையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"மூடியாச்சு. நல்லா வேலை செய்யுது."

"சரி. இறங்கறேன்" என்றது கணவனின் குரல். பின்னால் யாரோ அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்க்கும் சத்தம்.

"நான் இருக்கேன்" என்றாள்.

இனி அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. மூடிய மதகைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியாததாயிற்றே. ஓரத்தில் நின்றுபோன ஜன்னல் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தான் அமைத்த ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காமல் அப்படிக் கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

முதலில் இணைப்பைச் சோதித்தாள், சரியாக இருந்தது. மதகுக் கணினிக்குப் பாரம் அதிகமா என்று பார்த்தாள், இல்லை. புது நிரல் தன்னை என்ன வகை டெர்மினல் என்று சொல்லிக்கொள்கிறது என்று பார்த்தாள். அதுவும் ஒழுங்கு. வரைபடக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூடிட்டுப் புதுசா ஒண்ணு திறந்துக்கலாமே மேடம். அதான் இன்னொண்ணு இருக்கே."

சொன்னது நல்ல யோசனை. மூடியிருந்தால் வாசலில் நின்றவையெல்லாம் அதோடு மண்ணாகப் போயிருக்கும்.

"மூடினா எதனால நின்னுச்சுன்னு எப்படி சார் தெரியும்? நாளைக்கும் இதே மாதிரி நிக்கும். காரணம் தெரியாம விடக்கூடாது."

அவர் தலையாட்டினார். கீழே கால்வாயில் மண்வெட்டி சிமெண்ட் தரையில் உரசும் சத்தம், வாக்கி டாக்கி வழியாக அவ்வப்போது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று வால்வு யாரிடமோ சொன்னான். அவன் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். தன் வரியைப் பார்த்தாள். இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை.

அப்புறம் எந்தக் கோப்பு என்று பார்த்தாள். அங்கேதான் பிடிபட்டது. கணினிக்குள் முதலில் நுழையும்போது படிக்கப்படும் கோப்பு ஒன்று. புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படுவது இன்னொன்று. பழைய நிரல் இரண்டையும் படித்தது. புதியது இரண்டாவதை மட்டும் படிக்கிறது. அவள் வரியை எழுதியிருந்தது முதலாவதில். அப்படியென்றால் எந்த ஜன்னலுக்கும் அந்த வரி எட்டவே இல்லை. அப்படியென்றால் இது பழுதே அல்ல. வெறும் கன்ட்ரோல் எஸ்.

காலையிலிருந்து மண்டையைக் குடைந்த ஒன்று விடுபட்ட சந்தோஷம் இருக்கிறதே, அது சாதாரணமானதல்ல. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இவ்வளவுதானா" என்றாள். வரைபடக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சேவ் பண்ணியிருக்கீங்க. இது சாகல, தூங்குது. இங்க பாருங்க, எப்படி எழுப்பறதுன்னு."

சிவப்பு ஜன்னலைச் சொடுக்கினாள். கை கூசவில்லை. கன்ட்ரோலையும் க்யூவையும் அழுத்தினாள்.

காலையில் தட்டிய இரண்டு எழுத்தும் திரையில் வந்தன. அதன் கீழே 'மூன்றாம் மதகு: திறக்கிறது.' மறுபடி அதே இரண்டு எழுத்து, 'ஏற்கெனவே திறக்கிறது.' மறுபடியும் அதே.

அவள் கத்தவில்லை. பக்கத்து ஜன்னலில் மூடும் கட்டளையை அடித்தாள். 'மதகு நகர்கிறது. பொறுக்கவும்' என்று பதில் வந்தது. பாதி வழியில் திசையை மாற்றினால் மோட்டார் எரிந்துவிடும் என்று அதை அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். முழுக்கத் திறந்த பிறகுதான் மூடும். வாக்கி டாக்கியை எடுக்கப் போய்த் தவறவிட்டு, குனிந்து எடுத்தாள்.

"வெளிய வாங்க. ஏங்க, வெளிய வாங்க. மதகு திறக்குது."

இரைச்சல் மட்டும் வந்தது. அது வாக்கி டாக்கியின் இரைச்சல் இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. வரைபடக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவள் ஓடவில்லை. மூடும் கட்டளையை யாராவது அடிக்க வேண்டுமே. அடித்துக்கொண்டே இருந்தாள், 'பொறுக்கவும்' வந்துகொண்டே இருந்தது. தன் விரல்களை வெட்டிப் போட வேண்டும் என்று தோன்றியது.

அவன் பிழைத்தான். மேலே கயிற்றைப் பிடித்திருந்த தொழிலாளி பிடியை விடாததால் அவன் தலை தண்ணீருக்கு மேலேயே இருந்தது. பாய்ந்து வந்த தண்ணீர், ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவனைப் பிய்த்து எடுத்து, கால்வாய்க் கோடியில் இருந்த கம்பித் தடுப்பில் அறைந்தது. மதகு மூடி, தண்ணீர் வடியும்வரை அந்தக் கம்பியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். விலா எலும்புகள் உடைந்தன. இடது காது கேட்காமல் போயிற்று. விசாரணை நடந்தது. பூட்டுப் போடாததற்கு அவனுக்கும், கேள்வி கேட்காத சுருக்கத்துக்கு அவளுக்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். வரைபடக்காரர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றுவிடாமல். எந்தக் கோப்பு, எந்த வரி, மூன்று தடவை தட்டியது, சிரித்தது. அவன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டான்.

"தெரிஞ்சா பண்ணுவ? விடு" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முன்போலவே ஒரே வண்டியில் வேலைக்குப் போனார்கள். அவள் அந்த வரியைச் சரியான கோப்பில் எழுதினாள், சுருக்கத்தை அழித்தாள். நீளமான கட்டளையை முழுக்க அடித்து, 'நிச்சயமாகவா?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொன்னாள். நின்றுபோகிற ஜன்னல் எதுவானாலும் அந்த நிமிஷமே மூடினாள். வீட்டில் கடிகாரம் தப்பாக ஓடினாலும் தொடுவதில்லை.

அவன் திரும்பவும் கால்வாயில் இறங்கிய முதல் நாள், அவள் வாக்கி டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. வளாகத்தின் அந்தக் கோடிக்கு அவன் நடந்து போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு, பூட்டு விழும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்கட்டும் என்றே வாக்கி டாக்கியைப் பக்கத்தில் பிடித்திருந்தான்.

"பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு" என்றான். குரலில் கோபம் இல்லை. "இறங்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். வழக்கமாகச் சொல்வது தொண்டைவரை வந்துவிட்டது.

"சரிங்க" என்றாள்.