சோதனைக்குப் பொருந்தாத கை

நடந்ததை எண் போட்டே சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. 1986 செப்டம்பர், நியூ ஜெர்சி. ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். சென்னையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

2. தானாகக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் எங்கள் வார்டுகளுக்குப் புதிதாக வந்திருந்தன. பழுது நீக்கிய ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கையில் கட்டிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிய பிறகே மேலே அனுப்புவேன்.

3. ஒன்று என் கை. மற்றது, எதிரே சலவைப் பிரிவில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணியின் இடது கை. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

4. என் கையில் 110/70. அவர் கையில் 190/116.

5. கருவியில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன்.

அடுத்த கருவியும் அப்படியே காட்டியது. அதற்கடுத்ததும். ஐந்து வாரம் இப்படியே போனது. எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்தேன். அவர் என் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பார்.

"என்ன ஹனி, இன்னைக்கும் உன் மெஷினுக்கு என்னைப் பிடிக்கலையா? பரவாயில்ல, மெதுவா பாரு. நாள் பூரா நான் உட்கார்றது இந்த அஞ்சு நிமிஷந்தான்."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவர் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் குறித்துவைப்பார். மற்றவர்கள் உட்கார்ந்தால் அந்த மேற்பார்வையாளரின் கண்ணுக்குத் தெரியாது. சலவை முடிந்ததும் மாலையில் ஓர் அலுவலகத்தைச் சுத்தம் செய்யப் போவார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மா. பின்னந்தலை இடிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். எண் என்ன என்று கேட்டார். "மெஷின் சரியில்ல, கவலைப்படாதீங்க" என்றேன்.

மேலே வார்டில் நர்ஸாக இருந்த நாகர்கோவில் அக்கா ஒருவரிடம் என் சிக்கலைச் சொன்னேன். "அவங்களை வச்சு ஏன் டெஸ்ட் பண்றே? அந்த ஆளுங்களுக்கு பிபி எப்பவும் ஹைதான். வேற யாரையாவது பிடி" என்றார்.

அப்படியே செய்தேன். வேறொருவர் கையில் எல்லாக் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, 'சோதனைக்குப் பொருந்தாத கை' என்று எழுதி மூடினேன். எண்ணையும் சொல்லவில்லை, அந்த ஐந்து நிமிட ஸ்டூலையும் பறித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல், சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் கதவுக்கு எதிரே சரிந்து விழுந்தார். கீழே இறக்கிக் கொண்டுவந்த கருவியில் என் கையெழுத்திட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது 232/130 காட்டியது. இந்த முறை யாரும் கருவியைச் சந்தேகிக்கவில்லை.

பக்கவாதம். உயிர் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து, பதிவேட்டின் அந்தப் பக்கங்களைக் கையால் எழுதியெடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தாளைத்தான் நீட்டினேன். வரிவரியாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினார்.

"கிளினிக்குக்கு... ரெண்டு தடவை போனேன். படியேறி வந்ததால... அதிகமாக் காட்டுதுன்னாங்க. இந்தத் தாள்... அப்போ என் கையில இருந்திருந்தா..."

ஐந்து வார எண்கள் அந்தத் தாளில் இருந்தன. அத்தனைக்கும் படிக்கட்டைக் காரணம் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஓர் எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால், கருவியைத் திறக்கும் முன் அந்த மனிதரிடம் எண்ணைச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுக்கிறேன். அந்தச் சலவைப் பிரிவுப் பெண்மணிக்கு அதனால் பயன் எதுவுமில்லை. வேலை போனது, அதோடு மருத்துவக் காப்பீடும் போனது. வலது கை திரும்பவில்லை. பொருந்தாது என்று நான் எழுதிய இடது கையால்தான் அவர் இன்று சாப்பிடுகிறார், அம்மாவுக்கும் ஊட்டுகிறார்.