பெரிய எழுத்து வினாத்தாள்

பினாங்குக்குக் கல்யாணமாகி வந்த இத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. இங்கே லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், "வியாழக்கிழமை எடுத்துக்கலாம் லா அக்கா" என்பார் தையல்காரர்; இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். எந்த வியாழன் என்று கேட்கிற புத்தி எனக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. எங்கள் திருச்சியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தலையை நிமிர்த்தாமலே முடியாது என்பார்கள். நாலு சத்தம் போட்டால் சாயங்காலத்துக்குள் காரியம் நடந்துவிடும். சத்தம் போடுவதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் சிரித்துக்கொண்டே சரி என்கிற மனிதரிடம் எப்படிச் சத்தம் போடுவது? ஊரில் இதைப் படிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் மகள் தாரிணி இங்கே தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, அதாவது நம்மூர் நாலாம் வகுப்பு, படிக்கிறாள். கண்ணாடி போட்டும் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது. வினாத்தாளில் பாதியைப் படிப்பதற்குள் மணி அடித்துவிடும்; மீதியைத் தொட்டிருக்கவே மாட்டாள். வகுப்பில் சோம்பேறி என்று பெயர் வாங்கிவிட்டாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். கண் டாக்டரின் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் போய், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டேன். "அதுக்கென்னம்மா, செய்யலாம் லா" என்றார். மூன்று பரீட்சைக்கும் அதே பதில், அதே பொடி எழுத்து. நான்காவது பரீட்சைக்கு முன் அவர் அறையிலேயே போய் உட்கார்ந்தேன். நகல் எடுத்து முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

வினாத்தாள் வந்தது, சினிமா போஸ்டர் அளவில். ஒரு மேசை போதாமல் இரண்டு போட்டார்கள். விடைக்கும் அதிலேயே வட்டம் போட வேண்டும். மறுநாளே தலைமையாசிரியர் என்னையும் தாரிணியையும் கூப்பிட்டார்.

"ஒரு சின்னப் பிரச்சினைம்மா. பாப்பா பேப்பர் பின்னால மூணு வரிசைக்கும் தெரியுது. எல்லாரும் அதப் பாத்து எழுதுறாங்க. அடுத்த பரீட்சைக்கு அவள ஸ்டோர்ல உக்கார வைக்கலாம் லா."

ஸ்டோர் என்றால் பந்துகள், உடைந்த நாற்காலிகள், அழுது வடியும் ஒரு பல்பு. கண் தெரியாத பிள்ளைக்கு இருட்டறை! நான் திருச்சிக்காரியாக வாயைத் திறப்பதற்குள் தாரிணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஸ்டோர் வேணாம்மா. அங்க போட்டா என்னைப் பாத்து யாரு எழுதுவா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. முதல் தடவையாகக் கடைசிக் கேள்வி வரை எழுதியிருக்கிறாள்.

"இவ இடம் மாறாது சார். மத்த மேசைய நகர்த்துங்க" என்றேன்.

"செய்யலாம் லா."

நான் நேரே வகுப்புக்குப் போய் மேசைகளை இழுக்க ஆரம்பித்தேன். பாவம், அவரும் பின்னாலேயே வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். அவள் அங்கே கணக்கு டீச்சர். காப்பி அடிக்கிற பிள்ளையைக் காதைப் பிடித்து வெளியே அனுப்புகிறவள். அந்த விஷயத்தில் சின்ன வயதிலிருந்தே நானும் அவளும் ஒரே கட்சி.

"பிள்ள எப்படிடி எழுதினா?"

"மூணு வரிசை இவளப் பாத்து எழுதியிருக்குக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் அக்கா, "என்னது, காப்பியா?" என்று அலறினாள். இந்தப் பக்கம் என்னால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.