நிற்காமல் போன கப்பல்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களுக்கு அது முதல் குளிர்காலம். கோயமுத்தூரில் செய்வதுபோல ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தேன். அது உறைந்துபோய், ஹைவேயில் கார் படுத்துவிட்டது. பின்சீட்டில் கைக்குழந்தை.

"கையக் காட்டுங்க, யாராச்சும் நிப்பாட்டுவாங்க" என்றாள் மனைவி.

கொட்டும் பனியில் கை காட்டினேன். எல்லாக் கார்களும் விர்ரென்று போயின. எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் ஒரு பழைய வேன் நின்றது. ஓட்டி வந்தவர் நார்வேக்காரப் பெரியவர். எங்களை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நன்றி சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

உலகப் போரில் அவர் நார்வே சரக்குக் கப்பல் ஒன்றில் மாலுமியாம். கப்பல்கள் கூட்டமாகப் போகும். ஒன்று குண்டுபட்டு மூழ்கினாலும் மற்றவை நிற்கக்கூடாது. நின்றால் அவற்றுக்கும் குண்டு விழும்.

"கடலில் தத்தளித்தவர்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். நாங்கள் போய்விட்டோம். அது உத்தரவு" என்றார் ஆங்கிலத்தில். வேனைக் கிளப்பிக்கொண்டே, "இந்த ரோட்டில் எனக்கு யாரும் உத்தரவு போடவில்லையே" என்றார்.

அதன்பிறகு வழியில் யார் கை காட்டினாலும் நான் நிறுத்திவிடுகிறேன்.

"மறுபடியுமா? குழந்தைய டேகேர்ல விட லேட்டாகுதுங்க" என்பாள் மனைவி. சொல்லிக்கொண்டே, பின்சீட்டுச் சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணுவதும் அவள்தான்.