கோடு போட்ட சட்டம்

ரங்கநாயகி வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள், நின்றுகொண்டே போவாள். எங்கள் வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தாள். நான் தவசி, அதே ஆபீசில் குமாஸ்தா.

கம்பெனி ஒப்பந்தத்தைத் தமிழில் அடிப்பது பெரிய தொல்லை. "இதில் ‘சட்டம்’ என்பது 1956-ம் வருஷத்திய கம்பெனிகள் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் குறிக்கும்" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவோம். இங்கிலீஷ் என்றால் அதற்கப்புறம் அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் போதும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? கம்பெனிச் சட்டத்துக்கு மட்டும் அடிக்கோடு போடலாம், மற்ற சட்டத்துக்கு வேண்டாம் என்றாள் ரங்கநாயகி. வக்கீல் அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

எழுபத்தொன்றில் ஒரு சாயப்பட்டறைக் கம்பெனிக்கு அப்படி ஒன்று அடித்தாள். எட்டு வருஷம் கழித்து அதன் பங்குதாரர் ஒருவர் இறந்துபோனார். அவர் பங்கு ‘சட்டப்படியான வாரிசுக்கு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மனைவி லலிதாம்பாள் போய்க் கேட்டாள். மற்ற பங்குதாரர்கள் அந்த வரியைக் காட்டினார்கள். சட்டத்துக்குக் கீழே கோடு இருந்தது. அப்படியென்றால் கம்பெனிச் சட்டம்தான், அதில் யார் வாரிசு என்று எங்கேயும் சொல்லவில்லையே என்று கையை விரித்தார்கள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ரங்கநாயகியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கம்பெனி எங்கள் வக்கீலின் பழைய கட்சிக்காரர்.

"கோடு தெரிஞ்சே போட்டதுன்னு சொல்லும்மா. இல்லாட்டி நாளையிலருந்து வர வேணாம்" என்றார் வக்கீல்.

அவர் போனதும் ரங்கநாயகி மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்குப் பதினாலு பக்கம் அண்ணே. கை ஓஞ்சு போச்சு. சட்டம்னு வந்தாலே விரல் தானா கோடு போட்டுருச்சு."

"அத உன்னோட வச்சுக்க. இம்புட்டு வருஷம் பாத்த வேலை."

"அந்தம்மா எங்கண்ணே போகும்?"

எனக்கும் இந்த வேலைதான் சோறு போடுகிறது.

மறுநாள் கூண்டில் ஏறி, "அது என் கைப்பிழைங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் லலிதாம்பாளுக்குப் பங்கு கிடைத்தது.

ஆனால் அன்றைக்கே, சாட்சி சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பியவளிடம் வக்கீல் ராஜினாமாக் கடிதம் கேட்டார். அதையும் அவளே அடித்துக் கொடுத்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன்.

மத்தியானம் மூன்று மணி, வில்லாபுரம் பஸ் காலியாகக் கிடந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ரங்கநாயகி உட்கார்ந்து போனாள்.