மூக்கைத் தூக்கிய வண்டி: கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு வார்க்கிற பட்டறை எங்களுடையது. நான் அச்சில் பிசின் பூசி உடம்பு வார்ப்பேன். என் வீட்டுக்காரர் ராசேந்திரன் இன்ஜின் மெக்கானிக். சுனாமிக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் சாப்பிட நேரமில்லாமல் படகு வார்த்தோம். அப்புறம் எல்லாருக்கும் படகு கிடைத்துவிட்டது. 2008-இல் பட்டறையில் நாங்கள் இருவரும் கொசுவும்தான் மிச்சம்.

அப்போதுதான் சென்னையில் மோட்டார் பந்தயம் நடத்துகிற சிலர், நேர் ரோட்டில் யார் வண்டி அதிக வேகம் என்று பார்க்கிற போட்டி வைக்கப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். சொந்தமாகக் கட்டிய வண்டியும் வரலாமாம். போன் போட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நாலாவது என்றேன். போனிலேயே சிரித்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, படகு கட்டுகிறவர்கள் படகு கட்டலாமே என்றார். நான் விடவில்லை. சரி, நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் ஓடிக் காட்டுங்கள், போக ஒரு தடவை, அதே ரோட்டில் வர ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் அளந்து சாட்சிக் கையெழுத்தோடு அனுப்புங்கள், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அவர் சிரித்ததற்காகத்தான் வண்டி கட்டினேன். பெரிய லட்சியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஸ்பான்சர் பிடிப்பது வண்டி கட்டுவதைவிடக் கஷ்டம். பதினோரு பேரைப் பார்த்தோம், எட்டுப் பேர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பிசின் கடைக்காரர் பிசினும் கண்ணாடி நார் பாயும் தந்தார். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ஒருவர் மூன்று டயர் வாங்கித் தந்தார். பெரிய ஸ்பான்சர் புவனகிரி ரைஸ்மில் முதலாளி கலியபெருமாள் அண்ணன். அவருடைய பழைய 350 சிசி பைக்கின் இன்ஜினைத் தந்தார். ஒரே கண்டிஷன்: வண்டியின் இரண்டு பக்கமும் மில் பேர் ஒரு முழ உயரத்தில் இருக்க வேண்டும், ஓடும்போது எடுக்கிற படம் அடுத்த வருட மில் காலண்டரில் வர வேண்டும்.

படகில் பேரை மேலே பெயின்ட் அடித்தால் உப்புத் தண்ணீர் தின்றுவிடும். அதனால் எங்கள் ஊரில் அச்சுக்குள்ளேயே எழுத்தை வைத்து உடம்போடு சேர்த்து வார்த்துவிடுவோம். சுரண்டினாலும் போகாது. அதே மாதிரி மூன்று ஸ்பான்சர் பேரையும், கீழே சின்னதாகச் செல்வி என்று என் பேரையும் சேர்த்து வார்த்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை என்ன பாடு படுத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

வண்டி பதினான்கு அடி நீளம், முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. உள்ளே குழாய்ச் சட்டம், சுற்றிலும் நான் வார்த்த உடம்பு. ஓட்டப்போவதும் நான்தான். என் எடை நாற்பத்தேழு கிலோ. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் வண்டி நூற்றைம்பது போகாது, பதினைந்து போகும். இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

2009 மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ரோடு ஒன்று இருந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நேராகப் போகும். அங்கே சூப்பர்வைசராக இருந்த சேவியர் அண்ணன் வெள்ளாற்றுப் பால வேலைக்காக எங்களிடம் படகு வாங்கியவர். ஞாயிறு வேலை கிடையாது, மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், அடுத்த வாரம் ரோட்டைத் திறந்துவிடுவார்கள், வந்தால் இந்த வாரமே வாருங்கள் என்றார். ஆக எங்களுக்கு ஒரே நாள்.

காலை ஐந்து பத்துக்குப் பாஷா பாயின் மினி லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டினோம். வாடகை போக வர தொள்ளாயிரம் ரூபாய், காத்திருப்பு இருநூறு. முதுநகர் தாண்டிக் குடிகாடு பக்கம் வந்ததும் ரசாயன ஆலை வாடை மூக்கைத் துளைக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக முட்லூர் வரைக்கும் ரோடு அப்போது குண்டும் குழியும். பாஷா பாய் ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாம்மா, போட்டைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் எடுத்துனு போறீங்க. வழி தெரியலியா?"

முட்லூரில் நிறுத்தினோம். நாலு இட்லி பன்னிரண்டு ரூபாய், டீ நாலு ரூபாய், சட்னி காரம் ஜாஸ்தி. டீக்கடையில் நின்ற எல்லாரும் வந்து தடவிப் பார்த்து, அணியம் நல்லா வந்திருக்கு என்றார்கள். அணியம் என்றால் படகின் முன்மூக்கு. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆறு ஐம்பதுக்கு ரோட்டில் இருந்தோம். முதுநகரிலிருந்து பாஷா பாயின் மீட்டரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

கலியபெருமாள் அண்ணன் போட்டோகிராபரோடு எட்டு மணிக்கு ஜீப்பில் வந்தார். ரோட்டின் நடுப்பகுதியில் டேப் பிடித்து இருநூறு மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். முதல் கோட்டில் என் வீட்டுக்காரர் துண்டோடு நிற்பார், நான் தாண்டும்போது துண்டைக் கீழே வீசுவார். அடுத்த கோட்டில் சேவியர் அண்ணன் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். நாலு புள்ளி எட்டு வினாடிக்குள் தாண்டினால் நூற்றைம்பது.

எட்டு நாற்பதுக்கு ஓடினேன். தொண்ணூறு வரை தேர் மாதிரி போனது. நூறைத் தாண்டியதும் ஹேண்டில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. திருப்பினால் திரும்பவில்லை. எதிரே ரோடு தெரிய வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. முன் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டேன், தொப்பென்று விழுந்து நேராக நின்றது. ஏழு புள்ளி மூன்று வினாடி, அதாவது தொண்ணூற்றெட்டு.

சாலையோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக என் கை மூக்கைத் தூக்கித்தான் வார்த்திருக்கிறது. தூக்காவிட்டால் அலை உள்ளே வந்துவிடும். ரோட்டில் அலை ஏது? காற்றுதான் அடியில் புகுந்து என்னைத் தூக்கியிருக்கிறது. முட்லூர் வரை பார்த்த கரைக்காரர்கள் அத்தனை பேரும் அழகு என்றார்களே தவிர, ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் படகு பார்த்துப் பழகிய ஒரே கண்.

மூக்கை அறுத்து வேறு வார்க்க நாலு நாள் ஆகும். ரோடு அடுத்த வாரம் திறந்துவிடும். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கலியபெருமாள் அண்ணன் சாயந்திரம் வருகிறேன் என்று புவனகிரிக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

கவிழ்த்துப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். படகைக் கரையில் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? மூக்கு மண்ணைப் பார்க்கும், முதுகு உருண்டு நிற்கும். சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தை வெளியே எடுத்தோம். சேவியர் அண்ணன் ஜெனரேட்டர் போட்டுக் கொடுத்தார். அடிப்பக்கமாக இருந்ததில் கட்டர் வைத்து என் தலைக்கு ஓட்டை, பக்கத்தில் சக்கரத்துக்கு வெட்டு, பின்னால் காற்றுக்கு இரண்டு துளை. உடம்பைக் கவிழ்த்துச் சட்டத்தின் மேல் மூடிப் பன்னிரண்டு போல்ட் முறுக்கினோம். காலை ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தது சாயந்திரம் நாலரைக்கு முடிந்தது. நடுவில் பாஷா பாய் வாங்கி வந்த சாம்பார் சாதம், பொட்டலம் பதினைந்து ரூபாய்.

நான் உள்ளே ஏறிப் படுத்த நேரத்தில் ஜீப் வந்தது, போட்டோகிராபரும் கூடவே. கலியபெருமாள் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். கழுத்தைச் சாய்த்துப் படித்தார்.

"இன்னாம்மா இது? எம் மில்லு பேரு தலகீழா நிக்குது?"

"எம் பேரும்தான் நிக்குது அண்ணே. ஆம்பள பொம்பள வித்தியாசம் பாக்காம எல்லாத்தையும் கவுத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "பேரக் கவுத்தா வியாபாரம் கவுந்துடும். நான் நாலு பேரு மூஞ்சில முழிக்கணும். எறங்கு. அது எம் இன்ஜினு."

"ஒங்களுதுதான். ஓடிட்டு வந்து நானே கழட்டித் தர்றேன்."

"நான் வோணாங்கறேன். நீ ஓடுறேங்கற?"

"ஆமாண்ணே."

என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. என்னைக்கூட. இறங்கு என்று அவரும் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிபார்த்தார். "குனிஞ்சே இரு புள்ள" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் நவுந்து நில்லுங்க. பொவ அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு நடந்து போனார்.

நாலு ஐம்பத்தைந்து. கடல் காற்று இடப்பக்கமிருந்து தள்ளியது. நூறு தாண்டியது, ஹேண்டில் கெட்டியாக இருந்தது. நூற்றிருபதில் வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புக் கோடு இரண்டும் ஒரே கோடாகப் போய்விட்டது. அந்தக் கடைசியில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றியபோது சேவியர் அண்ணன் வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நாலு புள்ளி ஏழு. நூற்றைம்பத்து மூன்று.

இனித் திரும்பி ஓட வேண்டும், ஒரு மணி நேரம் இருக்கிறது. வண்டியைத் திருப்பினோம். ரோட்டின் குறுக்கே ஜீப் நின்றது. முதலாளி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். சேவியர் அண்ணன் கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை. ஓடிவிட்டுக் கழற்றித் தருகிறேன் என்று சொன்னவள் நான்தானே. ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சுடச்சுட இன்ஜினை நானே கழற்றி, என் வீட்டுக்காரரோடு சேர்ந்து தூக்கி அவர் ஜீப்பில் வைத்தேன். கையில் இரண்டு கொப்புளம். அவர் கிளம்பும்போது ஸ்டாப்வாட்சை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அதையும் நான் பார்த்தேன்.

அடுத்த தை மாதம் மில் காலண்டர் வந்தது. சாயந்திரம் ஓடினபோது எடுத்த படத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்தார். மில் பேர் நேராக இருக்கிறது, மேலே ரோடு, அதில் நான் பல்லி மாதிரி தொங்கிக்கொண்டு போகிறேன். எங்கள் பட்டறையில் அதை மேல்கீழாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

சென்னைக்காரர்களுக்குக் காகிதம் அனுப்பினோம். ஒரு வழி ஓடியது கணக்கில் வராது என்று பதில் வந்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை, வண்டியின் மூக்கு எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தார்கள். டிகிரி எனக்குத் தெரியாது, கவிழ்த்துப் பாருங்கள், தெரியும் என்று எழுதினேன்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: முதுநகரிலிருந்து விடியற்காலை ஐந்துக்குள் கிளம்புங்கள், ஏழு மணிக்கு மேல் பஸ்காரர்கள் வழி விட மாட்டார்கள். திறக்காத ரோடு என்றாலும் மாடு வரும், இரண்டு முனையிலும் ஆள் நிறுத்துங்கள். ஜெனரேட்டர் இருக்கிற இடமாகப் பாருங்கள், கட்டர் பிளேடு குறைந்தது மூன்று எடுத்துப் போங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பான்சர் பேரை வார்க்காதீர்கள். இன்ஜினைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் விலைக்கு வாங்குங்கள், எங்களுக்கு அது முடியவில்லை.

அந்த ரோட்டில் இப்போது பஸ் ஓடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் நூற்றைம்பத்து மூன்று ஓடின இடம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். போக ஓடிவிட்டேன், வர ஓட வேண்டும். உடம்பு பட்டறையில் தயாராக இருக்கிறது, இன்ஜின்தான் இல்லை. யாராவது தந்தால் பேர் ஒரு முழ உயரத்தில் போடுகிறேன். எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது.